குளிர்நாட்டில் இனிப்புச்சோளம்: வெப்பத்தின் கணக்கு

திரையரங்கு வாசலிலும் கடற்கரையிலும் வெண்ணெய் தடவிக் கிண்ணத்தில் தரப்படும் இனிப்புச்சோளம் வெயில் நாட்டுப் பயிர் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் அமெரிக்காவில் பதப்படுத்துவதற்காக அதை மிகுதியாக விளைவிக்கும் மாநிலங்களுள் மின்னசோட்டாவும் ஒன்று என்பதும், அங்கே சனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கு 20 டிகிரி கீழே இறங்குவது வியப்புக்குரிய செய்தியே அல்ல என்பதும் தெரியவரும்போது அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. மறுபுறம், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் குளிர்காலம் அவ்வளவு கொடியதன்று. சனவரி மாதப் பகலில் ஏறத்தாழ 7 டிகிரி, இரவில் உறைநிலைக்குச் சற்று மேலே என்ற அளவில்தான் அங்கு குளிர் நிலவுகிறது. மழைக்குக் குறைவில்லை, சூன் மாதத்தில் பகல்பொழுது 17 மணி நேரத்தையும் தாண்டி நீள்கிறது, மண்ணும் நல்ல மண்தான். இருந்தும் அந்நகரத் தோட்டக்காரர் ஒருவர் இனிப்புச்சோளத்தை விதைத்தால், ஆளுயரச் செடி கிடைக்குமே தவிர, மணி முற்றிய கதிர் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கடுங்குளிர் ஊரில் குவியும் பயிர் மிதமான ஊரில் ஏன் தடுமாறுகிறது? (இந்த அத்தியாயத்தில் வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் தரப்படுகின்றன.)

சுருக்கமான விடை ஒன்று உண்டு: இனிப்புச்சோளம் ஒரே பருவத்தில் பிறந்து மடியும் பயிர் ஆகையால் குளிர்காலம் எவ்வளவு கொடியது என்பது அதற்குப் பொருட்டே இல்லை, கோடை எவ்வளவு சூடானது என்பதே பொருட்டு. ஆனால் "எவ்வளவு சூடு போதும்" என்ற கேள்விக்கு விடை காணச் செடியின் பிறப்பிடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தென் மெக்சிகோவின் உடல்

மக்காச்சோளம், அதன் ஒரு வகையான இனிப்புச்சோளம் ஆகிய இரண்டுக்கும் மூதாதை, தென் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளரும் தியோசின்டே என்ற காட்டுப்புல். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி மக்கள் அதைப் பயிராக்கினர். வெப்பமண்டலத்தில் உருவான அந்த உடலமைப்பு இன்றுவரை பயிரை விட்டு நீங்கவில்லை. கோதுமையும் பார்லியும் 4, 5 டிகிரியிலேயே மெல்ல வளரத் தொடங்கிவிடுகின்றன. மக்காச்சோளமோ 10 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஸ்காட்லாந்து வயல்களில் பார்லியும் ஓட்ஸும் செழிப்பதற்கும் மக்காச்சோளம் அரிதாக இருப்பதற்கும் இந்த வேறுபாடே அடிப்படைக் காரணம்.

இதற்குப் பின்னால் இலைக்குள் நடக்கும் ஒரு வேதிவேலை இருக்கிறது. 1960-களில் ஆஸ்திரேலியாவில் மார்ஷல் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் கரும்பு இலையை ஆராய்ந்து, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை முதலில் நான்கு கரி அணுக்கள் கொண்ட ஒரு சேர்மமாகப் பிடித்து, இலையின் உட்புறச் செல்களுக்குக் கடத்தி, அங்கே செறிவாக விடுவித்துச் சர்க்கரையாக்குகிறது என்பதை விளக்கினர். நான்கு கரி அணு வழி எனப்படும் இந்த ஒளிச்சேர்க்கை முறை மக்காச்சோளத்திலும் உள்ளது. கொளுத்தும் வெயிலில் இது மிகுந்த ஆதாயம் தருகிறது. வாயுவைச் செறிவாக்கிக்கொள்வதால் இலைத்துளைகளை அகலத் திறந்து நீரை இழக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வழியில் பணிபுரியும் நொதிகளுள் ஒன்று, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதங்களுள் ஒன்று, நான்கு துண்டுகள் இணைந்து உருவானது. குளிர் மிகும்போது அத்துண்டுகள் பிரிந்து அது செயலிழக்கிறது. இளஞ்செடி குளிரில் சிக்கினால் புதிதாக விரியும் இலைகளில் பச்சையம் சரியாக உருவாகாமல் அவை வெளிறிப்போவதும், வேர் மணிச்சத்தை உறிஞ்ச இயலாமல் இலையோரம் ஊதா நிறம் கொள்வதும் உண்டு. மே மாதத்தில் அவசரப்பட்டு நட்ட வட ஐரோப்பியத் தோட்டங்களில் இந்த இரு நிறங்களையும் ஒரே செடியில் காணலாம். அத்தகைய செடி சாவதில்லை. வளராமல் நிற்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து நட்ட நாற்று அதை எளிதில் முந்திவிடுகிறது.

வெப்ப அலகு என்னும் அளவுகோல்

விதைப்பைகளில் "65 நாள்", "75 நாள்" என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த நாட்கள் அந்த விதையைச் சோதித்த ஊரின் நாட்கள். வேறு ஊருக்கு அவை பொருந்துவதில்லை. செடி நாள்காட்டியைப் பார்த்து முதிர்வதில்லை என்பதை 1735-இலேயே பிரெஞ்சு அறிஞர் ரேமுர் கவனித்தார். ஒரு பயிர் முதிர்வதற்குத் தேவையான வெப்பத்தின் கூட்டுத்தொகை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுவதில்லை என்று அவர் கருதினார். அந்தக் கருத்திலிருந்து பிறந்ததே இன்றைய வெப்ப அலகு.

மக்காச்சோளத்துக்கு அதைக் கணக்கிடும் முறை எளிது. ஒரு நாளின் உச்ச வெப்பநிலையையும் தாழ்வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்து, வரும் சராசரியிலிருந்து 10-ஐக் கழித்தால் மீதி நிற்பதே அன்றைய வெப்ப அலகு. இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் அதை 10 என்றே கொள்ள வேண்டும், ஏனெனில் செடி நின்றுவிட்டாலும் வளர்ந்ததைத் திரும்பச் சுருக்கிக்கொள்வதில்லை. பகல் 30 டிகிரியைத் தாண்டினால் அதை 30 என்றே கொள்ள வேண்டும், ஏனெனில் அதற்கு மேற்பட்ட சூட்டால் வளர்ச்சி விரைவதில்லை. இது ஒரு தோராயம்தான். செடியின் வளர்ச்சி வெப்பத்தோடு அப்படியே நேர்கோட்டில் ஏறுவதில்லை, ஒளியும் நீரும் தம் பங்குக்கு அதை மாற்றுகின்றன. எனினும் விதைப்பையின் நாட்கணக்கைவிட இது எவ்வளவோ மேலானது. விரைவில் முதிரும் இனிப்புச்சோள வகைக்கு விதைப்பிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ 750 வெப்ப அலகுகள் வேண்டும் என்று கொள்ளலாம். பெரிய கதிர் தரும் வகைகள் இன்னும் கூடுதலாகக் கேட்கும்.

எடின்பரோ தோட்டத்தின் கணக்கு

இப்போது எடின்பரோவின் கோடையை எடுத்துக்கொள்ளலாம். உறைபனி அச்சம் நீங்கிச் செடியைத் திறந்தவெளியில் நடத் தக்க காலம் சூன் மாதத் தொடக்கம். அம்மாதத்தில் சராசரியாகப் பகல் உச்சம் 17.5 டிகிரி, இரவுத் தாழ்வு 9 டிகிரி. இரவை 10 என்று கொண்டால் நாளொன்றுக்கு 3.75 அலகு, மாதத்துக்கு ஏறத்தாழ 110 அலகு. சூலையில் பகல் 19.5, இரவு 11, நாளொன்றுக்கு 5.25, மாதத்துக்கு ஏறத்தாழ 160. ஆகஸ்டில் பகல் 19, இரவு 11; மாதத்துக்கு 155. செப்டம்பரில் பகல் 17, இரவு மறுபடி 9, மாதத்துக்கு 105. நான்கு மாதங்களையும் கூட்டினால் 530 வருகிறது. தேவை 750, பற்றாக்குறை 220. விதையை நேரே மண்ணில் ஊன்றிய எடின்பரோ தோட்டக்காரர் அக்டோபரில் மணி பிடிக்காத கதிரை வெறுங்கையோடு பார்த்து நிற்பதன் காரணம் அவருடைய உழைப்பிலோ உரத்திலோ இல்லை, இந்த 220-இல் இருக்கிறது.

இதே கணக்கை லண்டனுக்குப் போட்டால் சூன் 200, சூலை 280, ஆகஸ்ட் 270 என ஆகஸ்ட் இறுதிக்குள்ளேயே 750 நிறைந்துவிடுகிறது. செப்டம்பர் முழுவதும் மிச்சம். தென் இங்கிலாந்தில் இனிப்புச்சோளம் வணிகப் பயிராகவே விளைவதும், வடக்கே போகப் போக அது தோட்டப் பயிராகச் சுருங்குவதும் இதனால்தான். மின்னசோட்டாவின் மினியாபொலிசில் சூலைப் பகல் 28 டிகிரியைத் தாண்டுகிறது, இரவும் 18 டிகிரிக்கு அருகிலேயே நிற்கிறது; அங்கே சூலை ஒரு மாதமே 400 அலகுக்கு மேல் தருகிறது. எடின்பரோவின் சூன், சூலை, ஆகஸ்ட் மூன்றும் சேர்ந்து தருவதற்கு அது கிட்டத்தட்ட ஈடு. நிலநடுவே இருக்கும் ஊர் குளிர்காலத்தில் கடுமையாக உறைந்து கோடையில் கடுமையாகச் சூடேறுகிறது. கடலை ஒட்டிய ஊரிலோ அந்தக் கடல் இரண்டையும் மட்டுப்படுத்திவிடுகிறது. எடின்பரோவின் குளிர்காலத்தைக் காக்கும் அதே கடல்தான் அதன் கோடையையும் தணிக்கிறது.

அந்த 220-ஐ எங்கிருந்து பெறுவது? முதல் வழி வீட்டுக்குள் நாற்று வளர்ப்பது. ஏப்ரல் இறுதியில் ஆழமான சிறு தொட்டிகளிலோ காகிதச்சுருளின் நடுவிலுள்ள அட்டைக்குழாய்களிலோ விதையை ஊன்றி, பகலில் 20 டிகிரியும் இரவில் 16 டிகிரியும் நிலவும் வெளிச்சமான அறையில் 30 நாள் வைத்தால் நாளொன்றுக்கு 8 வீதம் 240 அலகு சேர்கிறது. அட்டைக்குழாய் எதற்கு என்றால், இச்செடியின் வேர் அசைக்கப்படுவதைப் பொறுப்பதில்லை. குழாயோடு அப்படியே குழியில் இறக்கிவிட்டால் அட்டை மண்ணில் மக்கிவிடும், வேர் அறுபடாது. வீட்டுக்குள் சேர்த்த 240-ஐயும் வெளியே கிடைக்கும் 530-ஐயும் கூட்டினால் 770. கணக்கு நேராகிவிட்டது, ஆனால் மிச்சம் வெறும் 20 அலகு. செப்டம்பரின் ஆறு நாள் வெப்பம்.

அந்த மிச்சம் எவ்வளவு மெலிந்தது என்பதைப் பார்க்க, வழக்கத்தைவிட 1 டிகிரி மட்டும் குளிர்ந்த ஒரு கோடையை எண்ணிப் பார்த்தால் போதும். சூலை, ஆகஸ்டில் நாளொன்றுக்கு 1 அலகும், இரவு ஏற்கெனவே 10-க்குக் கீழே இருக்கும் சூன், செப்டம்பரில் நாளொன்றுக்கு அரை அலகும் குறையும். மொத்த இழப்பு ஏறத்தாழ 90 அலகு. 770 இப்போது 680 ஆகிவிடுகிறது, கதிர் முற்றுவதில்லை. மனிதர் தோலுக்குத் தெரியவே தெரியாத ஒரு டிகிரி வேறுபாடு, ஓர் ஆண்டு விளைச்சல் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்துவிடுகிறது. "சென்ற ஆண்டு நன்றாக விளைந்தது, இந்த ஆண்டு ஒன்றுமே இல்லை" என்று வட பகுதித் தோட்டக்காரர்கள் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

ஆகவே இரண்டாவது வழியும் வேண்டியிருக்கிறது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பாத்தியின் மேல் நெகிழித்தாள் விரித்து மண்ணைச் சூடாக்குவது, நட்டபின் மெல்லிய துணிப்போர்வையால் மூடிவைப்பது, தெற்கு நோக்கிய சுவரின் முன்னால் காற்று வீசாத மூலையைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை எல்லாம் பகல் உச்சத்தை உயர்த்தும் வேலைகளே. பகல் உச்சம் 3 டிகிரி உயர்ந்தால் நாளொன்றுக்கு 1.5 அலகு கூடும். நான்கு மாதத்துக்கு 180. நெகிழித்தாள் குடிலுக்குள் முழுப்பருவமும் வளர்ப்பவருக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். எடின்பரோவைப் பொறுத்தவரை நாற்று, போர்வை ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் நம்புவது சூதாட்டம். இரண்டையும் சேர்த்தால்தான் அது வேளாண்மை.

நீண்ட பகல் உதவுமா?

எடின்பரோவின் சூன் மாதப் பகல் நீளமானது என்பதால் அதுவாவது உதவும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். மூதாதைப் புல்லின் மெக்சிகோவில் பகல்பொழுது ஆண்டு முழுவதும் 11 முதல் 13 மணி நேரம் வரைதான்; பகல் குறுகும்போது பூக்க வேண்டும் என்ற ஏற்பாடு அச்செடியின் மரபணுக்களில் பதிந்திருந்தது. பகல் நீளத்தைக் கொண்டு பூக்கும் காலத்தை அறியும் இப்பண்பை ஒளிக்கால உணர்வு என்பர். வெப்பமண்டல மக்காச்சோள விதையை வடக்கே நீண்ட பகலில் விதைத்தால் அது மேலும் மேலும் இலைவிட்டு உயர்ந்துகொண்டே போகும், பூப்பதற்குள் உறைபனி வந்துவிடும்.

இத்தடையை உடைத்தவர்கள் வட அமெரிக்கப் பழங்குடி உழவர்கள். விரைந்து பூத்த செடிகளின் கதிரையே அடுத்த ஆண்டு விதைக்கு எடுத்து வைத்த அவர்களுடைய பொறுமையான தெரிவு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இந்த உணர்வை மழுங்கச் செய்தது. அவ்வாறு தேர்வானவற்றுள் சில மாற்றங்கள், மரபணுத் தொகுதிக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் டி.என்.ஏ. துண்டுகளால் நேர்ந்தவை என்பதை இன்றைய ஆய்வு காட்டுகிறது. அத்தகைய தாவும் துண்டுகளை முதன்முதலில் கண்டறிந்த பார்பரா மெக்லின்டாக், மக்காச்சோளத்தை ஆராய்ந்தே அதைக் கண்டு 1983-இல் நோபல் பரிசு பெற்றார் என்பது இங்கே நினைக்கத் தக்கது. கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள காஸ்பே தீபகற்பத்தின் பெயரைத் தாங்கிய ஒரு பழைய வகை, முழங்காலைச் சற்றே தாண்டிய உயரத்தில், ஏறத்தாழ 60 நாளில் விதையிலிருந்து விதை வரை முடித்துவிடுகிறது. அதன் கதிர் விரலளவே. விரைவுக்குக் கொடுக்கும் விலை அது: குறைந்த இலை, குட்டைச் செடி, சிறு கதிர். கடையில் பெரிய கதிரைப் பார்த்துப் பழகிய தோட்டக்காரர் அதே அளவைக் குளிர்நாட்டுத் தோட்டத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வடக்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிதாட்சா பெண்கள் விதைக்கும் நாளைக் காட்டு நெல்லிப் புதரின் இலையைக் கொண்டு முடிவு செய்தனர்; அது முழுமையாக இலைவிட்டால் மண் சூடேறிவிட்டது என்று பொருள். எருமைப் பறவைப் பெண் என்று அறியப்பட்ட முதிய உழவர் சொல்ல, கில்பர்ட் வில்சன் எழுதி 1917-இல் வெளியான நூல் இந்த முறைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது. புதர் அறிந்து வைத்திருக்கும் அந்தக் கூட்டுத்தொகையும் நாம் மேலே போட்ட கணக்கும் ஒரே இனத்தவை.

இனிப்பு எங்கிருந்து வந்தது?

சாதாரண மக்காச்சோளத்தில் இலை அனுப்பும் சர்க்கரை மணிக்குள் மாவுச்சத்தாக மாறிக் கெட்டிப்படுகிறது. இனிப்புச்சோளத்தில் ஒரு மரபணு பழுதுபட்டிருப்பதால் அந்த மாற்றம் முழுமையாக நடப்பதில்லை. சர்க்கரை மிகுந்து, குழைவான ஒரு பொருளோடு மணி நிற்கிறது. 1950-களின் தொடக்கத்தில் இலினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாக்னன் வேறொரு மரபணுப் பழுது கொண்ட மணியைச் சுவைத்து, அது இதைவிடப் பன்மடங்கு இனிப்பதைக் கண்டார். இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் மிகையினிப்பு வகைகள் அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவை.

குளிர்நாட்டுக்காரர் கவனிக்க வேண்டியது அந்த விதையைத்தான். உலர்ந்த மிகையினிப்பு விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது சுருங்கி, மடிந்து, எடையற்று இருக்கும். மாவுச்சத்து நிரம்பாததால் ஏற்பட்ட வெறுமை அது. முளைக்கும் கருவுக்கு உணவாக வேண்டிய சேமிப்பு குறைவு என்பதோடு, ஈரமண்ணில் ஊறும்போது உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிந்து அழுகல் பூஞ்சைகளை வரவழைக்கிறது. பழைய இனிப்பு வகைகள் 13 டிகிரி மண்ணில் முளைத்துவிடும். மிகையினிப்பு வகைகளுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். 10 டிகிரி மண்ணில் விதை மூன்று வாரம் வரை கிடக்கும். 20 டிகிரிக்கு மேல் ஒரு வாரத்திலேயே முளைவிடும். அதிக இனிப்பை விரும்புவதில் தவறில்லை, ஆனால் எடின்பரோ போன்ற இடத்தில் நேரடி விதைப்புக்கு அந்த வகை ஏற்றதன்று.

இரு வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நடுவதும் கூடாது. மணியின் உணவுச் சேமிப்பு தாய்ச்செடியின் மரபணுக்களோடு மகரந்தத்தின் மரபணுக்களையும் பெறுகிறது. ஒரு வகையில் பழுதான மரபணு மற்றதில் நல்ல நிலையில் இருப்பதால், கலந்து கருவுற்ற மணியில் மாவுச்சத்து வழக்கம்போல் உருவாகி இனிப்பு போய்விடுகிறது.

காற்றின் வேலை

கதிரின் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு இணைந்தது. எந்த இழையில் மகரந்தம் விழவில்லையோ அந்த மணி உருவாவதில்லை, அவ்விடம் பொக்கையாக நின்றுவிடும். மகரந்தம் செடியின் உச்சிப் பூங்கொத்திலிருந்து காற்றில் உதிர்வது. ஆகையால் பதினாறு செடிகளை ஒரே வரிசையாக நடுவதைவிட நான்குக்கு நான்காகச் சதுரமாக, 40 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவது நல்லது. எத்திசைக் காற்றடித்தாலும் மகரந்தம் ஏதேனும் ஓர் இழையில் விழும். மழைநாளில் பூங்கொத்து நனைந்து மகரந்தம் உதிராது என்பதால், ஈரம் உலர்ந்த முற்பகலில் தண்டைப் பிடித்து மெல்ல உலுக்குவது குளிர்நாட்டில் பயன் தரும்; குடிலுக்குள் காற்றே இல்லாதபோது இது இன்றியமையாதது.

பால் பிடித்த கதிர்

இழைகள் பழுப்பாகிக் காய்ந்தபின் மடலைச் சற்றே விலக்கி ஒரு மணியில் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பால்போல் வெண்மையாக வந்தால் அதுவே பருவம். மாவுபோல் வந்தால் பருவம் கடந்துவிட்டது. வெப்ப நாட்டில் இந்தப் பால் பருவம் ஓரிரு நாளில் நழுவிவிடும். குளிர்ந்த செப்டம்பரில் முதிர்ச்சி மெதுவாக நடப்பதால் அது பல நாட்கள் நீள்கிறது. குளிர் எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியைக் கடைசியில் திருப்பித் தருகிறது என்றே சொல்லலாம்.

பறித்தபின் கதிர் உயிரோடுதான் இருக்கிறது; தன் சர்க்கரையைத் தானே செலவிடத் தொடங்குகிறது. பழைய இனிப்பு வகையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் சர்க்கரையின் 60 விழுக்காடு வரை குறைந்துவிடும், உறைநிலையை ஒட்டிய குளிரில் அதே ஒரு நாளில் 6 விழுக்காடே குறையும். சொந்தத் தோட்டத்தில் விளைவிப்பவர் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுப் பிறகு கதிரைப் பறிக்கப் போவதே சரியான வரிசை. உடனே சமைக்க இயலாதவர் பறித்த கையோடு குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.